ஓட்டில் நிற்கும் பெண்ணும் பனியில் நிற்கும் பெண்ணும்

ஆதிச்சநல்லூர் என்னும் பெயரைக் கேட்டவுடன் நம் மாணவர் நெஞ்சில் எழுவன முதுமக்கள் தாழிகளும், இரும்புப் படைக்கலங்களும், பொன்னாலான நெற்றிப் பட்டங்களுமே ஆகும். அவற்றோடு ஆண்டுக் கணக்கு ஒன்றும் உடன் எழும். கி.மு. எத்தனையாவது நூற்றாண்டு, கீழடிக்கு மூத்ததா இளையதா என்னும் வினாக்கள் இன்று மேடைதோறும் எழுப்பப்படுகின்றன. தொன்மையை அறிதல் வேண்டுவதே. ஆயினும், தொன்மையை எண்ணிக்கையால் மட்டும் அளந்து அமைதல் தமிழ் பயில்வார்க்குப் போதுமா என்பதே ஈண்டு நாம் எழுப்ப விரும்பும் வினா. அம்மண்ணில் எண்ணிக் கணக்கிடத் தக்க பொருள்கள் பல கிடைத்தன. இலக்கியம்போல் படிக்கத் தக்க பொருள் ஒன்றும் கிடைத்தது. அஃது ஓர் உடைந்த மட்கல ஓடு. அவ்வோட்டில் ஒரு பெண் நிற்கின்றாள்.

முதலில் இடத்தைப் பற்றிச் சில சொல்வோம். தூத்துக்குடி மாவட்டம், திருவைகுண்டம் வட்டத்தில், பொருநையாற்றின் தென்கரையில், வயல்களுக்கு மேலே உயர்ந்து கிடக்கும் பரம்பு நிலமே ஆதிச்சநல்லூர்ப் புதைகாடு. அதனை 1876ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய யாகோர் முதன்முதலில் அகழ்ந்தார். பின்னர் 1899 முதல் 1905 வரையிலான காலத்தில் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்து, தாம் கண்ட பொருள்களுக்கு ஓர் அட்டவணை நூலும் வெளியிட்டார். நூறாண்டு கழித்து, 2004, 2005ஆம் ஆண்டுகளில், இந்தியத் தொல்லியல் துறையினர் த. சத்தியமூர்த்தி அவர்களின் தலைமையில் மீண்டும் அகழ்ந்தபோது 160க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அவ்வகழாய்வில் எடுத்த மாதிரிகள் இரண்டின் காலம் கி.மு. 905, கி.மு. 696 எனக் கரிமக் காலக்கணிப்பால் 2019இல் தெரியவந்தது. நாம் கூறும் ஓடு இந்த 2004ஆம் ஆண்டு அகழாய்வில் கிடைத்ததே.

அவ்வோட்டில் உள்ளவை கீறிய கோடுகளோ தீட்டிய வண்ணங்களோ அல்ல. ஈரக் களிமண்ணைத் திரித்தும் தட்டியும் கலத்தின்மேல் ஒட்டி, பின்னர்ச் சூளையில் சுட்டெடுத்த ஒட்டுருவங்கள் அவை. நெடிது மெலிந்த பெண்ணொருத்தி, முழங்காலளவு ஆடையுடன், இரு கைகளையும் பக்கத்தே தொங்கவிட்டு, விரல்களை விரித்து நிற்கின்றாள். அவளருகே ஒரு பயிர் நிமிர்ந்து நிற்கின்றது. அகழ்ந்தோர் அதனை நெற்கதிர் என்றனர். வாழை என்பாரும் உளர். பயிரின்மேல் நீண்ட அலகுடைய பறவையொன்று அமர்ந்துள்ளது. அது கொக்கு அல்லது நாரை ஆகலாம். நேரான கொம்பும் தூக்கிய வாலும் கொண்ட மான் ஒன்றும், முதலை ஒன்றும் அக்காட்சியில் உள்ளன. இறந்தாரைப் புதைத்த இடத்தில் இருந்த கலமொன்றில் இத்துணை உயிர்களை ஒருங்கே வைத்த அக்கை யாருடையதோ, அறியோம்.

இவ்வோட்டைப் பற்றிப் பேசுவோர் பலரும் அப்பெண்ணை மட்டுமே பேசுகின்றனர். தாய்த்தெய்வம் என்று ஒரு பெயரைச் சூட்டிவிட்டு, அத்துடன் உரையை முடித்துக்கொள்கின்றனர். தெய்வமாக இருக்கலாம், இறந்தவளின் உருவமாகவும் இருக்கலாம், கதையொன்றின் தலைவியாகவும் இருக்கலாம். முடிந்த சான்று எதற்கும் இல்லை. நம் கருத்து இதுதான்: அவள் யார் என்று வினவுமுன், அவள் எவற்றோடு நிற்கின்றாள் என்று வினவுதல் வேண்டும். பயிரையும் பறவையையும் மானையும் முதலையையும் நீக்கிவிட்டு அவளைத் தனியே எடுத்தால், எஞ்சுவது களிமண்ணில் ஒரு பெண்ணுடல் மட்டுமே. காட்சியோடு சேர்த்துப் படித்தால் அவள் ஒரு நிலத்தவள் ஆகின்றாள்.

பெண்ணையும் அவள் நிற்கும் நிலத்தையும் பருவத்தையும் ஒன்றாகவே காணும் பயிற்சி எங்குளது என்று தேடின், கடல் கடந்து ஜப்பான் நாட்டில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அந்நாட்டின் மரப்பலகை அச்சோவியங்களுள், வெண்பனி பொழியும் காட்சியில் அழகிய மகளிரைக் காட்டுவன தனிப்புகழ் பெற்றவை. ஜப்பானுக்கும் நம் முத்துக்குளித்துறைக் கரைக்கும் தொடர்பு இல்லாமலும் இல்லை. 1893இல் மிக்கிமோட்டோ என்பார் அந்நாட்டில் சிப்பிக்குள் முத்தை வளர்த்தெடுத்தார். நம் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. அதன்பின் 1973இல் அந்த வளர்ப்பு முத்து நுட்பம் தூத்துக்குடியிலேயே மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தாரால் கைவரப்பெற்றது. முத்து வளர்க்கும் முறையை அறிந்துகொண்ட நாம், அந்நாட்டார் ஓவியம் பார்க்கும் முறையையும் அறிந்துகொள்வதில் தவறில்லை.

எடோ காலம் எனப்படும் 1603 முதல் 1868 வரையிலான நெடுங்காலத்தில் ஜப்பானிய நகர மக்களிடையே இவ்வச்சோவியங்கள் பெரிதும் பரவின. ‘உக்கியோ-எ’ என்பது அவற்றின் பெயர். மிதக்கும் உலகின் ஓவியம் என்பது அதன் பொருள். ஓவியம் ஒருவர் கைப்பணியன்று. வரைபவர் ஒருவர், அதனைச் செர்ரி மரப்பலகையில் செதுக்குபவர் ஒருவர், வண்ணம் தடவித் தாளில் ஒற்றியெடுப்பவர் ஒருவர், பணம் முடக்கி விற்பவர் ஒருவர் என நால்வர் கூடிச் செய்வது. வண்ணத்திற்கு ஒரு பலகை வேண்டும். பல வண்ணங்களும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழும் முழுவண்ண அச்சு 1765ஆம் ஆண்டில் தோன்றியது. அதில் முன்னின்றவர் சுசூகி ஹருநோபு என்னும் ஓவியர்.

பனியை அவர்கள் காட்டிய முறை கருதத்தக்கது. பெரும்பாலும் வெள்ளை வண்ணம் பூசுவதில்லை. தாளின் வெண்மையை அச்சுப்படாமல் விட்டுவிடுவர். சுற்றியுள்ள வானமும் மரமும் ஆடையும் வண்ணம் பெற, எஞ்சிய வெறுந்தாளே பனியாகக் கண்ணுக்குத் தோன்றும். சிலவற்றில் வண்ணமின்றிப் பலகையை மட்டும் அழுத்தி, தாளைப் புடைக்கச் செய்து, குவிந்த பனியைக் காட்டுவர். வேறு சிலவற்றில், சிப்பியோடுகளைப் பொடித்துச் செய்த வெண்பொடியைத் தூவிப் பனித்துளிகளைக் காட்டுவர். கிளிஞ்சல் நீற்றைச் சுவரில் பூசிப் பழகிய நம் கடற்கரையார்க்கு அப்பொடி அயலானதன்று.

ஹருநோபு 1760களில் படைத்த ஓவியம் ஒன்றில், ஆணும் பெண்ணும் ஒரே குடைக்கீழ்ப் பனியில் நடக்கின்றனர். ஒருவர் கருநிற ஆடையும் மற்றவர் வெண்ணிற ஆடையும் அணிந்துள்ளனர். காகமும் கொக்கும் என்று அவ்விணையைக் குறிப்பது மரபு. அவர்கள் பேசவில்லை, அழவில்லை. ஆயினும் உலகம் முழுவதும் பனியால் அடங்கிக் கிடக்க, குடையின் சிறுவட்டத்துள் இருவர் மட்டும் இருப்பதால், அவர்தம் நெருக்கம் பார்ப்பார்க்குப் புலனாகின்றது. பனியை அகற்றிவிட்டால் இருவர் நடந்து செல்கின்றனர் என்பதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

மற்றொன்றைக் காண்போம். தோக்கிவா என்பாள் 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெண். 1160ஆம் ஆண்டை ஒட்டிய உள்நாட்டுப் போரில் கணவனை இழந்து, மூன்று சிறு மக்களோடு பனியினூடே தப்பியோடியவள். அவளது ஓட்டத்தை ஓவியர் பலர் அச்சோவியமாக்கினர். அங்கும் பெண் உண்டு, பனி உண்டு, அழகும் உண்டு. ஆனால் அப்பனி காதலரைச் சூழ்ந்த பனியன்று. குழந்தைகளின் கால்களைச் சுடும் பனி. இனி 1923ஆம் ஆண்டில் இத்தோ ஷின்சுயி என்பார் வரைந்த ‘பனி இரவு’ என்னும் ஓவியத்தில், குடை பிடித்த பெண்ணொருத்தி தனியே நிற்கின்றாள். அப்பனி தனிமையைச் சொல்கின்றது. பொருள் ஒன்று, சூழல் ஒன்று, உணர்வு மூன்று. இவ்வேறுபாட்டைக் கண்டுகொள்வதற்குப் பெண்ணின் முகத்தை மட்டும் நோக்கினால் போதாது. முழுத் தாளையும் நோக்குதல் வேண்டும்.

இவ்விடத்தில் உண்மை ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. இவ்வோவியங்களில் காணும் மகளிர் பலர் எடோ நகரத்து யோஷிவாரா என்னும் பரத்தையர் குடியிருப்பைச் சார்ந்தோர். வறுமையால் பெற்றோராலேயே சிறுமியராய் விற்கப்பட்டு, கடன் ஒப்பந்தத்தால் கட்டுண்டு கிடந்தோர் அவருள் உளர். பட்டாடையும் கொண்டை ஊசியும் ஓவியத்தில் ஒளிர்கின்றன. கட்டுண்ட வாழ்வு ஓவியத்தில் தெரிவதில்லை. பெண்ணைச் சூழலினின்றும் பிரித்து, அழகு என்று மட்டும் விற்பது எத்துணைக் கொடிது என்பதற்கு இவ்வோவியங்களே சான்றாகின்றன. எனவே, முழுதாகப் படித்தல் என்பது தாளில் உள்ளதைப் படிப்பதோடு முடிவதன்று. தாளுக்குப் பின்னே இருந்த வாழ்வையும் படித்தலாகும். விளம்பரப் பலகைதோறும் பெண்ணுருவம் தனித்து நிறுத்தப்படும் நம் காலத்து மாணவர்க்கு இப்பயிற்சி இன்றியமையாதது.

இனி நம் மொழிக்கு வருவோம். வெண்பனி பொழியாத நாடு நம்முடையது. ஆயினும், பனியை அறியாதவர் அல்லர் நம் முன்னோர். ஆண்டினை ஆறு பருவமாக்கி, அவற்றுள் இரண்டிற்கு முன்பனி, பின்பனி எனப் பெயரிட்டனர். தொல்காப்பியர் முன்பனிக்காலத்தைக் குறிஞ்சிக்கும், பின்பனிக்காலத்தைப் பாலைக்கும் உரிமையாக்கினார். குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல்; பாலையின் உரிப்பொருள் பிரிதல். ஆகவே ஒரே பனி, முன்னதில் கூடிய நெஞ்சிற்கும் பின்னதில் பிரிந்த நெஞ்சிற்கும் களமாகின்றது. ஹருநோபுவின் குடைக்கீழ் இருவரையும், ஷின்சுயியின் தனித்த பெண்ணையும் கண்ட நமக்கு, இவ்விலக்கணத்தின் நுட்பம் மேலும் தெளிவாகின்றது. பருவம் பாட்டின் பின்திரையன்று என்பதைத் தமிழர் ஓவியத்தில் எழுதாமல் இலக்கணமாகவே எழுதி வைத்தனர்.

இதற்கு இலக்கியச் சான்று வேண்டுவோர் நெடுநல்வாடையைக் காண்க. பாண்டிய நாட்டைச் சார்ந்த அப்பாட்டில் 188 அடிகள் உள்ளன. நக்கீரர் அதனை அரசியின் அழகிலிருந்து தொடங்கவில்லை. வெள்ளத்திற்கு அஞ்சி மேட்டு நிலத்திற்குப் பெயர்ந்த கோவலர் நெருப்பில் கைகாய்ச்சிப் பல் நடுங்குவதிலிருந்து தொடங்குகின்றார். குரங்கு கூனிக் குளிர்வதையும், பசு தன் கன்றையே உதைப்பதையும், ஈரச் சேற்றில் கொக்குகள் மீன் தேடுவதையும் காட்டுகின்றார். அதன்பின்னரே அரண்மனைக்குள் புகுந்து, முத்தாரம் நீக்கிய மார்பும் கண்ணில் துளியுமாய்க் கட்டிலில் கிடக்கும் அரசியைக் காட்டுகின்றார். அவளது துயரை அவர் பெயரிட்டுச் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை. நாட்டையே நடுக்கிய வாடை முன்னரே அதனைச் சொல்லிவிட்டது. கோவலரையும் கொக்கையும் வெட்டிவிட்டு அரசியை மட்டும் பாடத்தில் வைத்தால் நெடுநல்வாடை என்னாகும்? ஆதிச்சநல்லூர் ஓட்டிற்கு நாம் செய்வதும் அதுவே.

இவ்வாறு கூறுவதால், அவ்வோட்டில் திணைக் கோட்பாடு வரையப்பட்டுள்ளது என்று நாம் முடிவு கட்டிவிட்டதாக எவரும் கருதற்க. தொல்காப்பியம் அவ்வோட்டிற்குப் பல நூற்றாண்டு பிந்தியது. பிந்திய நூலின் சட்டத்தை முந்திய ஓட்டின்மேல் பொருத்தி, இதோ சான்று என்று முழங்குதல் ஆய்வாகாது. நாம் கூறுவது இவ்வளவே: உணவு, மா, மரம், புள் என்று நம் இலக்கணம் கருப்பொருளை வகுக்கும் முன்பே, பெண்ணொருத்தியைச் சுற்றிப் பயிரையும் விலங்கையும் பறவையையும் நிறுத்திக் காணும் கண் இப்பொருநைக் கரையில் இருந்திருக்கின்றது. அப்பயிர் நெல்லேயாயின், அருகிலுள்ள சிவகளையில் தாழியிலிருந்து எடுத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டதும் இங்கு உடன்வைத்து எண்ணத்தக்கது. நெல் வயலைச் சேர்ந்தது. மான் மேட்டுக் காட்டைச் சேர்ந்தது. முதலை ஆற்றைச் சேர்ந்தது. ஆறும் வயலும் பரம்பும் அடுத்தடுத்துக் கிடக்கும் அவ்வூரின் நில அமைப்பை அறிந்தார்க்கு, அவ்வோடு அவ்வூரையே காட்டுவதாகத் தோன்றுதல் இயல்பே.

உருவங்களை ஆராய்தல் நம்மவர்க்கு வேண்டுமா என்று சமுதாயப் பெரியவர்கள் சிலர் வினவலாம். அவ்வினாவை மதிக்கின்றோம். உருவத்தை வணங்குதல் வேறு. உருவத்தின்வழி ஒரு காலத்து மக்களின் வாழ்வை அறிதல் வேறு. பின்னது கல்வி. மேலும், நிலத்தோடு சேர்த்து மாந்தரைக் காணும் இக்கண் எந்தவொரு சமயத்தார்க்கும் தனியுரிமை உடையதன்று. இதே மாவட்டத்து எட்டயபுரத்தோடு தொடர்புடைய உமறுப்புலவர், சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தில் அரபு நாட்டைப் பாடும்போது, மழையும் ஆறும் நெல்வயலும் நிறைந்த மருத வளத்தையே பாடினார். மணல்வெளியை அவர் அறியாமல் அவ்வாறு பாடவில்லை. பெருமானாரின் வரலாற்றைத் தமிழில் சொல்லப் புகுந்தபோது, தமிழின் நிலக்கண்ணையும் உடன்கொண்டு சென்றார். அவ்வகையில் அவ்வோட்டை வனைந்த கைக்கும் நமக்கும் இடையே உறவு உண்டு என்று கூறின் அது மிகையாகாது.

இத்துணைப் பொருள் பொதிந்த ஓட்டை நம் மாணவருள் நேரில் கண்டோர் மிகச் சிலரே. ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள் சிதறிய வரலாறு பெரிது. யாகோர் எடுத்தவை பெர்லினுக்குச் சென்றன. ரீ எடுத்தவற்றுள் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. 2004ஆம் ஆண்டு அகழாய்வின் அறிக்கையோ பத்தாண்டுகளுக்கு மேலாக வெளிவராமல் கிடந்து, உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்காகவும் எழுந்தது. ஜப்பானிய அச்சோவியங்களுக்கும் இத்தகைய நிலை நேர்ந்ததுண்டு. எளிய மக்கள் வாங்கிப் பார்த்துக் கிழித்தெறிந்த தாள்களை மேலைநாட்டார் திரட்டிச் சென்றனர். இன்று அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் மட்டும் 50,000க்கும் மேற்பட்டவை உள்ளன. ஆயினும் ஜப்பானியர் விழித்துக்கொண்டனர். பழைய பலகை நுட்பத்தைக் கைவிடாமல், 20ஆம் நூற்றாண்டிலும் புதிய ஓவியங்களைப் படைத்தனர். ஷின்சுயியின் பனி இரவு அவ்விழிப்பின் விளைவே. அவருடைய பதிப்பாளராகிய வத்தனபே என்பாரின் கடை 1923ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் நேர்ந்த பெருநிலநடுக்கத்தில் பலகைகளோடு எரிந்தது. அவர் சோர்ந்துவிடவில்லை, மீண்டும் பலகை செதுக்கச் செய்தார்.

நம்மிடத்தும் நற்குறிகள் தோன்றாமல் இல்லை. 2020ஆம் ஆண்டு நடுவணரசின் வரவுசெலவுத் திட்டத்தில், சிறப்புத் தொல்லியல் தலங்களாக அறிவிக்கப்பெற்ற ஐந்தனுள் ஆதிச்சநல்லூரும் ஒன்று. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அங்கு அருங்காட்சியகத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. தாழிகளை அவை கிடந்த குழியிலேயே கண்ணாடித் தளத்தின் வழியே காணவும் வகை செய்யப்பெற்றது. இவற்றை வரவேற்கின்றோம். ஆனால் கட்டடம் எழுப்புதல் அரசின் பணியாயின், பார்க்கக் கற்பித்தல் ஆசிரியரின் பணியாகும். படிக்கத் தெரியாதார்க்கு நூலகம் எப்படியோ, பார்க்கத் தெரியாதார்க்கு அருங்காட்சியகமும் அப்படியே.

ஆகவே தமிழ்த்துறையினர்க்கு மூன்று கருத்துகளை முன்வைக்கின்றோம். ஒன்று, அவ்வோட்டின் படத்தை நூல்களிலும் மலர்களிலும் வெளியிடுவோர் பெண்ணை மட்டும் வெட்டியெடுத்து அச்சிடாமல், கொக்கும் மானும் முதலையும் பயிரும் தோன்ற முழுமையாக அச்சிடுக. இரண்டு, அகப்பொருள் இலக்கணம் பயிலும் மாணவரை ஆண்டிற்கு ஒருமுறையேனும் பொருநைக் கரைக்கு அழைத்துச் செல்க. முதற்பொருளும் கருப்பொருளும் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்வதற்கு உரியன அல்ல. மூன்று, பிறநாட்டுக் கலையை நம் பாடத்திற்குப் பகையென்று ஒதுக்காமல், நம்முடையதைத் தெளிவாகக் காண உதவும் துணையாகக் கொள்க. இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

பெயர் தெரியாத அப்பெண் மூவாயிரம் ஆண்டுகளுக்கு அண்மையான காலம் மண்ணுக்குள் தனித்து இருந்தாள் அல்லள். அவளைப் படைத்தவர் அவளருகே பயிரையும் பறவையையும் விலங்குகளையும் வைத்தே புதைத்தார். வெளியே எடுத்த நாம் அவளைத் தனியளாக்குதல் முறையன்று. அவளுக்குத் தெய்வப் பெயர் சூட்டுவதும் சூட்டாததும் ஆய்வாளர் பாடு. அவள் நிலத்தை அவளிடமே விட்டுவைத்துப் படிப்பது தமிழ் பயிலும் நம் ஒவ்வொருவரின் கடன்.